மூடாத தொட்டி

மூடலாம். மூடாமலும் விடலாம். ரெண்டுக்கும் என்கிட்ட நியாயம் இருக்கு. அக்ரிலிக் ஷீட்டு சோஃபாவுல சாஞ்சு நிக்குது, விசேஷ வீட்டுல யாரும் வாங்கன்னு சொல்லாத விருந்தாளி மாதிரி. மங்கை காலையில பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வச்சு, ஒரு காலைச் செருப்புக்குள்ள நுழைச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனா. "ஏங்க, மீன் தொட்டி லைட்டு அணையறதுக்கு முன்னாடி அந்த ஷீட்டை மேல போட்டுடுங்க. ஆனா தண்ணி சூடா இருந்தா போடாதீங்க, காத்துப் போகலன்னா இன்னும் சூடு ஏறும், உள்ள வளர்ற பவளம் எல்லாம் வெளுத்துப் போயிடும். பொட்டுக்குக் கீழ இருந்தா மூடுங்க, மேல போயிட்டா மூடாதீங்க. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க." நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க! ஆகா! சோஃபாவுக்கு என்ன கலர் துணி, பையனை எந்தக் காலேஜ்ல சேர்க்கறது, வத்தக்குழம்புல பூண்டு போடறதா வேணாமா, இதுல எதுலயாவது இந்த ஏகாம்பரத்தோட முடிவை யாராவது கேட்டாங்களா? மீனுக்கு மூடி போடற விஷயத்துல கேக்கறா. அதுவும் எப்படி, வேளச்சேரியில அவ அக்கா பொண்ணு வளைகாப்புக்கு என்னை வரவேணாம்னு சொல்லிட்டுக் கேக்கறா. "வளைகாப்புல ஆம்பளைங்களுக்கு என்ன வேலை, கலவை சாதத்தைத் தின்னுட்டு ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பீங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் இருக்கணும்ங்க. கரண்ட் போனா பம்ப் நின்னுடும்." ஆக நான் வாட்ச்மேன். கீழ கேட்டுல ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான், மூணாவது மாடியில இன்னொருத்தன் சோஃபாவுல உக்காந்திருக்கேன். அவனுக்காவது விசில் குடுத்திருக்காங்க.

சரி, பொட்டு என்ன சொல்லுது பார்ப்போம். தெர்மாமீட்டர் தண்ணிக்குள்ள தொங்குது, உள்ள சிவப்பா ஒரு கோடு ஏறி நிக்குது. வெளிக் கண்ணாடியில அவ தன்னோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை, மெரூன் கலரு, அளவுக்கு நேரா ஒட்டி வச்சிருக்கா. எனக்குத் தெர்மாமீட்டர் படிக்கத் தெரியாதாம். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பெரிய பெரிய பாலிசியெல்லாம் படிச்சுக் கையெழுத்துப் போடறவனுக்கு தெர்மாமீட்டர் படிக்கத் தெரியாது. கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லையா, உலகத்துல எல்லாரும் அவளுக்கு ஒன்பதாங் கிளாஸ்தான். குனிஞ்சு பார்த்தா கோடு பொட்டுக்குக் கீழ நிக்குது. நிமிர்ந்து பார்த்தா மேல நிக்குது. இதென்னடா வம்பு. திரும்பக் குனிஞ்சேன். கீழ. முட்டி வலிக்குது. நிமிர்ந்தேன். மேல. எவ்வளவு உசரத்துல இருந்து பார்க்கணும்னு அவ சொல்லல. மே மாசத்து பெரம்பூர், சுவரைத் தொட்டா சுடுது, பால்கனியில காயப்போட்ட துணி அப்பளமாட்டம் நிக்குது. தண்ணி மேல ஒரு குட்டி ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு, அது வீசற காத்துல தண்ணி கொஞ்சங் கொஞ்சமா ஆவியாகும், அதுலதான் சூடு தணியும். எனக்கு ஏசி போட்டா கரண்ட் பில்லைப் பத்திப் பேசுவா, மீனுக்குத் தனி ஃபேன். ஷீட்டைப் போட்டா அந்தக் காத்து நின்னுடும். அப்போ பவளம் வெந்துடும். பவளம் செத்தா மங்கை செத்தா மாதிரி. பண்ணையில வளர்ந்து பில்லோட வந்த சின்னத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, அதை இத்தனை வருஷமா வளர்த்துப் பாறை முழுக்கப் பரப்பி வச்சிருக்கா. அது மேல அவளுக்கு இருக்கற உசிரு... சரி, அதை விடு. பவளத்தைக் காப்பாத்தணும்னா மூடக்கூடாது. மூடலைன்னா? மூடலைன்னா மீன் எகிறும். எந்த மீன் எகிறும்? அதுதானே விஷயம். ஜரிகை எகிறும்.

ஜரிகை. பேர் வச்சதும் அவதான். ஊதாக் கலரு உடம்பு, அதுல தலையில இருந்து வால் வரைக்கும் ஆரஞ்சுக் கோடு, நிஜமாவே முகூர்த்தப் புடவை பார்டர் மாதிரிதான் இருக்கு, சும்மா சொல்லக்கூடாது. ஒரு இடத்துல நிக்காது. பாறைக்குள்ள பூந்து இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும், இடம் வாங்க வந்தவன் மூலை மூலையா அளந்து பார்க்கற மாதிரி. போன வாரம்தான் வந்துச்சு. வாங்கினது இல்ல. வாங்கியிருந்தாலாவது ஒத்துக்கலாம். குடுத்தது. கொளத்தூர்ல உப்புத்தண்ணி மீன் கடை வச்சிருக்கற பெல்லார்மின், "டீச்சர், இது என் கிஃப்ட்டு, காசு பேச்சே எடுக்காதீங்க"ன்னு குடுத்தானாம். பெல்லார்மின். பேரே சோப்பு மாதிரி இருக்கு. தூத்துக்குடிக்காரன், கடல்லயே பொறந்தவன் மாதிரி பேசுவான், தாடியைச் சீவி விட்டுக்கிட்டு, கையில வெள்ளிக் காப்பு. வயசு என்ன இருக்கும், முப்பத்தஞ்சு? என்னைப் பார்த்தா "சார்". அவளைப் பார்த்தா "டீச்சர்". அந்த டீச்சர்ல ஒரு இழுப்பு இருக்கு, கேட்டவனுக்குத்தான் தெரியும். வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். டைப் அடிக்கத் தெரியாதா அவனுக்கு? இவ தோசை ஊத்திக்கிட்டே போனை மேடையில வச்சுக் கேப்பா. "டீச்சர், இவன் கொஞ்சம் துள்ளுவான். தொட்டியை மூடி வச்சுக்கோங்க. எதுக்கும் ரெண்டு நாள் கண்ணு வச்சுக்கோங்க டீச்சர்." என்ன சிரிப்பு வேண்டியிருக்கு இதுல? சிரிச்சா. தோசைக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். வயிறு எரிஞ்சுதுன்னு சொன்னா வயசுக்கு மரியாதை இல்ல. ஆனா எரிஞ்சுது. வேற என்னன்னு சொல்றது. இத்தனை வருஷம் இந்தத் தொட்டிக்கு மூடியே கிடையாது. "மேல இருந்து எட்டிப் பார்த்தாத்தாங்க கடல், கண்ணாடி வழியா பார்த்தா டிவி"ன்னு சொன்னவ. இவன் குடுத்தது வந்துச்சு, வெள்ளிக்கிழமையே பேப்பர் மில்ஸ் ரோட்டுக் கடையில போய் அளவு குடுத்து ஷீட்டு வெட்டிக்கிட்டு வந்துட்டா. நான் ஒரு தடவை மூடி போடலாம்னு சொன்னேன், ஹால் பூரா உப்புப் பூக்குது, என் செயின் எல்லாம் கறுத்துப் போகுதுன்னு. கேட்டாளா? "செயினைக் கழட்டி வையுங்க"ன்னா.

இந்தத் தொட்டியே என்னுதுதான், தெரியுமா? நான் ஆரம்பிச்சது. பி.பி. ஏறுதுன்னு டாக்டர்கிட்ட போனப்போ, மீன் வளர்த்துப் பாருங்க சார், மனசு அமைதியாகும்னாரு. நல்ல தண்ணி, கோல்டு ஃபிஷ்ஷு, பச்சைக் கலரு பிளாஸ்டிக் செடி, மூக்குல குமிழி விடற ஒரு பொம்மை. அழகா இருந்துச்சு. ஒண்ணொண்ணா மல்லாந்துச்சு, அது வேற கதை. பையன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனதும் வீடு அமைதியாச்சு, அப்பதான் இவ ஒருநாள் வெறுந்தொட்டியைத் துடைச்சுக்கிட்டே, "இதுல உப்புத்தண்ணி வச்சா என்னங்க"ன்னா. வையேன்னேன். வாய்தவறி வந்த வார்த்தை. அப்புறம் உப்பு மூட்டை வந்துச்சு, டெஸ்ட் டியூப் வந்துச்சு, சொட்டு மருந்து வந்துச்சு, நீல லைட்டு வந்துச்சு, பெல்லார்மின் வந்தான். இப்போ என் கை அந்தத் தண்ணியில படக்கூடாது. "சோப்பு இருக்கும்ங்க உங்க கையில." வர்றவங்க எல்லாம், எதிர் ஃப்ளாட்டு ஆடிட்டர், அவர் சம்சாரம், பால் பாக்கெட் போடறவன்கூட, "அம்மா என்னமா வளர்த்திருக்காங்க"ன்னு வாயைப் பொளந்து பார்த்துட்டுப் போறான். அம்மா! அய்யா பொம்மை மாதிரி நிப்பாரு. சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து வந்ததும் பையைத் தோள்ல இருந்து இறக்காம நேரா தொட்டிக்குப் போவா. முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்துல கொண்டு போவா, அந்த நீல வெளிச்சம் அவ கன்னத்துல அலையும், வாய் லேசா திறந்திருக்கும். அந்தப் பார்வை. கல்யாணமான புதுசுல நான் ஆபீஸ்ல இருந்து வந்து கதவைத் தட்டினா திறந்துட்டு அப்படிப் பார்ப்பா. இல்ல, அப்படிப் பார்த்தாளா? பார்த்திருப்பா. எனக்குத்தான் அப்போ பார்க்க நேரமில்ல. இப்போ நான் பக்கத்துல நிக்கறேன், அதே பார்வை ஒரு நண்டு மேல விழுது. ஒரு நண்டு! நான் செருமினேன்னா, "வந்துட்டீங்களா, காபி ஃபிளாஸ்க்ல இருக்கு"ன்னு கண்ணாடியைப் பார்த்தே சொல்லுவா. கண்ணாடிக்குள்ள என் முகம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருக்கணும். ஆனா அவ மீனைத்தான் பார்த்தா.

கடைக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தா என்ன? மூடறதைப் பத்திக் கேக்கத்தான். வேற எதுக்கு. சூடும் இருக்கு, துள்ளற மீனும் இருக்கு, என்ன பண்ணட்டும்னு கடைக்காரனைக் கேக்கறதுல தப்பே இல்ல. ஞாயித்துக்கிழமை, கொளத்தூர்ல கூட்டம் அள்ளும், அவன் கடையிலதான் இருந்தாகணும். இருந்தான்னா சரி. இருந்தான்னா மனசுக்கு ஒரு இது. போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு, பின்னால பம்ப் சத்தம். "பெல்லார்மின் இருக்காராம்மா?" "அண்ணன் இல்லையே சார், ஒரு விசேஷத்துக்குப் போயிருக்காங்க. நீங்க யாரு சார்?" "விசேஷமா? எங்க?" "தெரியல சார், புதுச்சட்டை எல்லாம் போட்டுக்கிட்டுப் போனாங்க. நீங்க யாரு?" "பெரம்பூர் டீச்சர் வீட்டுல இருந்து. தொட்டியை மூடலாமா வேணாமான்னு கேக்கணும், அவ்வளவுதான்." "மங்கை டீச்சர் வீட்டு சாரா? சொல்றேன் சார், அண்ணன்கிட்ட சொல்லிடறேன்." வச்சுட்டேன். நான் யாருன்னு கேட்டா டீச்சர் வீட்டுல இருந்துன்னு சொல்றேன் பாரு. எனக்குன்னு ஒரு பேர் கிடையாதா? அது கெடக்கட்டும். விசேஷம். புதுச்சட்டை. இன்னைக்கு. ஊர்ல ஆயிரம் விசேஷம் இருக்கும், ஞாயித்துக்கிழமை ஆச்சே. ஆனா எனக்குத் தெரிஞ்ச விசேஷம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுக்குத்தான் என்னை வரவேணாம்னு சொன்னா.

போடா, போடா, கிறுக்கன். வேளச்சேரியில அவ அக்கா வீட்டுல அவன் என்ன பண்ணுவான், பொண்ணுக்குச் சந்தனம் பூசுவானா? ஆனா அவ அக்காவும் தொட்டி வைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. இடம் பார்க்கறேன்னு வந்திருப்பான். "வாங்க பெல்லார்மின், சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு உக்கார வச்சிருப்பாங்க. புளியோதரை, தேங்கா சாதம், லெமன் சாதம். மங்கையே பரிமாறியிருப்பா. கை நிறைய கண்ணாடி வளையலோட குனிஞ்சு பரிமாறும்போது சத்தம் வரும் பாரு, அந்தச் சத்தம். "வீட்டுல சார் தனியா இருக்காரா டீச்சர்?" "மீனைப் பார்த்துக்கிட்டு இருக்காரு." அதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சிருப்பாங்க. நான் சிரிப்பைக் கேக்கவே செய்யறேன், இங்க ஹால்ல உக்காந்துக்கிட்டு. அடச்சே, நானே கதை கட்டி நானே வெந்து சாகறேன். மீனு கண்ணாடி ஓரமா வந்து என்னையே பார்க்குது. ஜரிகை. என்னடா பார்க்கற. ஓசியில வந்தவன்தானே நீ. அவ காலையில எழுந்ததும் முதல்ல உன்னைத் தேடறா, "ஜரிகை எங்க, ஜரிகை எங்க"ன்னு. கண்ணு வச்சுக்கோங்கன்னு அவன் சொன்னான், கண்ணு வச்சுட்டா. திரும்ப தெர்மாமீட்டர்கிட்ட போனேன். குனிஞ்சா கீழ, நிமிர்ந்தா மேல. அவ வந்து கேட்டா குனிஞ்சுதான் பார்ப்பா, அவளுக்குத் தெரியும் எப்படிப் பார்க்கணும்னு. பொட்டோட ஓரம் லேசா எழும்பி இருந்துச்சு. நகத்தால நெம்பினேன். வந்துடுச்சு. விரல் நுனியில ஒட்டிக்கிட்டு, அவ நெத்தியில இருந்து எடுத்த மாதிரியே இருந்துச்சு, ஒரு நிமிஷம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் கொஞ்சமே கொஞ்சம், ஒரு நூலளவு, கீழ தள்ளி ஒட்டினேன். அழுத்தி விட்டேன். பசை போயிடுச்சு போல, இருந்தாலும் நின்னுச்சு. குனிஞ்சு பார்த்தேன். கோடு மேல. நிமிர்ந்து பார்த்தேன். மேல. முடிஞ்சுது. இப்போ எப்படிப் பார்த்தாலும் மூடக்கூடாது.

முடிவு பண்ணிட்டா நிம்மதியா இருக்கணுமே. இல்ல. காபி போட்டேன், ஆறிப் போச்சு. ஜன்னல்ல வெளிச்சம் மங்குது, கீழ கிரிக்கெட் ஆடற பசங்க கத்தறாங்க, தொட்டி லைட்டு வெள்ளையில இருந்து நீலத்துக்கு மாறிடுச்சு. இனி நீலமும் கொஞ்சங் கொஞ்சமா இறங்கி அணைஞ்சுடும், தானா அணையற மாதிரி அவ வச்சிருக்கா. அணைஞ்சதும்தான் மீனுங்க மிரளும், எங்கே படுக்கறதுன்னு ஒண்ணை ஒண்ணு தள்ளும், அப்பதான் எகிறும். எனக்கு எல்லாம் தெரியும். அவ பேசறதை எல்லாம் நான் கேக்கலன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா, எல்லாத்தையும் கேட்டிருக்கேன். மூடிடலாமா? எழுந்திரு ஏகாம்பரம், போய் மூடு, ஒரு ஷீட்டுதானே, கையால தூக்கி வச்சா ஆச்சு. பாவம், வாயில்லா ஜீவன், அது என்ன பண்ணுச்சு உன்னை? ஒண்ணும் பண்ணல. அதுதான் கோபமே, ஒண்ணும் பண்ணாமலே வந்து உக்காந்துக்கிச்சு. ஷீட்டு வரைக்கும் போனேன். விளிம்பைப் பிடிச்சேன். தொட்டிக்குள்ள மேல, தண்ணி கொட்டற குழாய் ஓரமா, அந்தக் கொடிக்காரர் மட்டும் நிக்குது. முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்பு மாதிரி சிவப்பு, முதுகுல கொடிக்கம்பம் மாதிரி ஒரு நீள முள்ளு, அதை ஆட்டி ஆட்டி நிக்கும். பழைய மீன். அதுக்கு மங்கை ர் போட்டுத்தான் பேசுவா, கொடிக்காரர் வந்தாரு, கொடிக்காரர் கோவிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாளா சாப்பிடலன்னு சொன்னா, வழக்கமா பாறைக்கடியில ஒரு பொந்துல இருக்கும், இப்போ ஏன் மேல வந்து நிக்குதுன்னு தெரியல. வயசாயிருக்கும். எனக்கும்தான் வயசாச்சு, நானும்தான் சரியா சாப்பிடல, என்னை யாரு கேட்டா. அதை நான்தான் வாங்கிட்டு வந்தேன். மங்கைக்குச் சிக்குன்குனியா வந்து எழுந்து நிக்க முடியாம கிடந்தப்போ, கல்யாண நாள் வேற, என்ன பண்றதுன்னு தெரியாம கொளத்தூர் போய், தண்ணி நிறைஞ்ச கவரை ஸ்கூட்டர்ல முன்னால மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் காலை ஊனி ஊனித் தாண்டிக் கொண்டு வந்தேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஹாலுக்கு நடந்து வந்து பார்த்தா. அன்னைக்குத்தான் முதல்முதலா எழுந்து நடந்தா. ஆமா, அதெல்லாம் ஒரு காலம். போன் டிங்குனு ஒலிச்சுது. என்னமோ ஏதோன்னு ஓடிப்போய் பார்த்தா மங்கையோட ஸ்டேட்டஸ், வளைகாப்பு போட்டோ. பொண்ணு நடுவுல, பக்கத்துல மங்கை, சிரிப்பு. ஓரத்துல ஒரு தோள் மட்டும் தெரியுது. நீலச் சட்டை. புதுசு மாதிரி இருக்கு. பெரிசு பண்ணிப் பார்த்தேன், புள்ளி புள்ளியா உடைஞ்சு போச்சு, யார்னு தெரியல. ஷீட்டை வச்ச இடத்துலயே சாத்திட்டு வந்து உக்காந்துட்டேன்.

லைட்டு அணைஞ்சுது. ஹால் லைட்டை நான் போடல. ஃபேன் சத்தம், பம்ப் சத்தம், தண்ணி சலசலன்னு ஒரே மாதிரி. கண்ணு பழகப் பழக தொட்டி ஒரு கறுப்புப் பெட்டி மாதிரி தெரியுது. எகிறாது. எல்லா மீனும் எகிறிடுமா? அவன் சும்மா சொல்லுவான், மூடி விக்கறதுக்கு. எகிறாதுன்னு நினைக்க ஆரம்பிச்சதும் எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு பாரு, அப்பதான் என் லட்சணம் எனக்கே தெரிஞ்சுது. தண்ணிக்குள்ள ஒரு கலவரம், சரக்சரக்னு. அப்புறம் சொத்துன்னு ஒரு சத்தம், ஈரத்துணி தரையில விழுந்த மாதிரி. பட். பட் பட். டைல்ஸ் மேல. ஜரிகை. எழுந்திருக்கணும். லைட்டைப் போட்டு, கையை நனைச்சுக்கிட்டு, அள்ளி உள்ள விட்டா பொழைச்சுடும். எனக்குத் தெரியும், அவ பண்ணிப் பார்த்திருக்கேன். பட். எழுந்திருக்கணும். உக்காந்திருந்தேன். சோஃபாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்கூட்டர் ஹேண்டில் பாரைப் பிடிக்கற மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பட் பட். உள்ளுக்குள்ள என்னமோ இளகிச்சு, வெக்கமா இருக்கு சொல்ல, சந்தோஷம்தான் அது, ரொம்ப நாள் கழிச்சு. என்ன சொல்றதுன்னு சொல்லிப் பார்த்துக்கிட்டேன். "பொட்டுக்கு மேல இருந்துச்சும்மா, நீதானே மூடாதன்னு சொன்ன." குரல்ல கொஞ்சம் வருத்தம் இருக்கணும். "சத்தமே கேக்கல, பாத்ரூம்ல இருந்தேன்." அது இன்னும் நல்லா இருக்கு. அவ அழுவா. நான் தோள்ல கை வைப்பேன். எவ்வளவு நாள் ஆச்சு அவ தோள்ல கை வச்சு. "வேற வாங்கிக்கலாம் விடு, நானே வாங்கித் தரேன்." பட். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மெதுவா ஒரு பட். அப்புறம் பம்ப் சத்தம் மட்டும்தான். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், நிச்சயமாகட்டும்னு.

லைட்டைப் போட்டேன். முதல்ல தொட்டியைத்தான் பார்த்தேன், காலி இடத்தைப் பார்க்கற ஆசையில. பாறைக்கடியில பொந்து வாசல்ல ஊதாவா ஒரு தலை. ஆரஞ்சுக் கோடு. ஜரிகை. சொந்த வீடு மாதிரி தலையை நீட்டிப் படுத்துக்கிட்டு, வெளிச்சம் பட்டதும் கோவமா ஒரு பார்வை பார்த்துச்சு. கொடிக்காரரோட பொந்து அது. குழாய் ஓரத்துல பார்த்தேன். யாரும் இல்ல. ஸ்டாண்டு காலுக்குப் பக்கத்துல, டைல்ஸ்ல, தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கிட்டு, கொடி மடங்கி முதுகோட ஒட்டிப் போயிருந்துச்சு. "ஐயோ"ன்னேன். வாய்விட்டே சொன்னேன். "ஐயோ, நீயா, நீ எதுக்குடா எகிறின." அள்ளி எடுத்தேன். எடையே இல்ல. கையோட தொட்டிக்குள்ள விட்டு, சோப்பு கீப்பு எல்லாம் எங்க ஞாபகம் வருது, அவ பண்ற மாதிரி முன்னாடியும் பின்னாடியும் மெதுவா இழுத்தேன், செவுள்ல தண்ணி போகட்டும்னு. தூசி கரைஞ்சு போச்சு. சிவப்பு திரும்ப வந்துச்சு. விட்டுப் பார்த்தேன், ஒருக்களிச்சுச் சாஞ்சுது. திரும்பப் பிடிச்சேன். வாடா, வா, வாங்க, கொடிக்காரரே வாங்க. இன்னொரு கை வெளிக் கண்ணாடியில, தெர்மாமீட்டர் பக்கம், உரசிக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் போன்.

மங்கை. கை தானா எடுத்துடுச்சு. இன்னொரு கையில மீன், தண்ணி முழங்கை வழியா சொட்டுது. "ஏங்க, சாப்பிட்டீங்களா? மூடிட்டீங்களா?" "ம்." "என்னங்க நீங்க, கடைக்கே போன் பண்ணி மூடறதைப் பத்திக் கேட்டீங்களாமே! பெல்லார்மின் இப்பதான் கூப்பிட்டுச் சொன்னான். ராயபுரத்துல மச்சான் குழந்தைக்கு ஞானஸ்நானமாம், அங்க இருந்து பேசறான். 'சாருக்கு எவ்வளவு அக்கறை டீச்சர், எங்க வீட்டுல நான் செத்தாக்கூட யாரும் மீனுக்குச் சோறு போட மாட்டாங்க'ன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" பின்னால பொம்பளைங்க சிரிப்பு, வளையல் சத்தம், எல்லாம் நான் கேட்ட மாதிரியே இருந்துச்சு. "நீ... எப்ப கிளம்பற?" "கிளம்பணும். கேளுங்க, அந்த ஜரிகையைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஓசியில குடுத்தான்னு வாங்கி வச்சது தப்பு. கொடிக்காரரை நிக்க விடாம துரத்துது, அவர் பொந்தைப் பிடுங்கிக்கிச்சு. அவர் எகிறிடுவாருன்னுதாங்க எனக்குப் பயம், அவருக்காகத்தான் ஓடிப்போய் ஷீட்டே வெட்டிக்கிட்டு வந்தேன். எங்க இருக்காரு அவரு?" நான் கையைப் பார்த்தேன். "இங்கதான் இருக்காரு"ன்னேன். "அப்பாடா. இருங்க, வீடியோ கால் போடறேன். இங்க எல்லாருக்கும் அவரைக் காட்டணும். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஸ்கூட்டர்ல கவரை மாட்டிக்கிட்டு ஒருத்தர் கொண்டு வந்தாருன்னு இப்பதான் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன், அக்கா நம்ப மாட்டேங்கறா. ஷீட்டு மேல லைட்டு அடிக்காம காட்டுங்க."

வச்சுட்டா. ஷீட்டு சோஃபாவுல சாஞ்சு நிக்குது. உள்ளங்கையில கொடிக்காரர், கண்ணு திறந்தபடியே. போன் அடிக்க ஆரம்பிச்சுது, திரையில மங்கை முகம், அதுக்குக் கீழ பச்சை வட்டம். கட்டைவிரலைக் கொண்டு போனேன். விரல்ல மெரூன் கலர்ல அவ பொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு.